எடுத்துக் கொடுக்காத வரி

செப்டம்பர் 9, திங்கள்

இது என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முதல் பதினேழு பக்கத்தில் செல், திசு என்று இருக்கிறது. மீதியெல்லாம் வெள்ளை. வீணாய்க் கிடக்கிறதே என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒளித்து வைக்கும் கவலை இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இன்று செல்லூரில் முதல் ஒத்திகை. பழைய தறிக்கூடம் ஒன்றை, நாடகத்தை இயக்கும் எட்வின் சார் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அம்மாவுக்கு ஒத்திகை என்பதே புதிது. அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் இருபத்தாறு வருடமாக ஸ்திரீபார்ட். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவார், மேடை ஏறின பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே விடியும்வரை கொண்டுபோவார்கள். நோட்டீஸில் அம்மா பெயர் பத்மலோசனி. ரேஷன் கார்டில் பேச்சியம்மாள்.

ஆடி முடிந்தால் தைவரைக்கும் நாடகம் கிடையாது. அதோடு இப்போது ஊர்க்காரர்கள் சின்ன வயதுப் பெண்ணாகக் கேட்கிறார்கள். போன பங்குனியில் அம்மாவுக்கு ஐந்து நாடகம்தான் வந்தது. அதனால் எட்வின் சார் கூப்பிட்டதும் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மதுரையில் நாலு காட்சி. நன்றாகப் போனால் பெங்களூரில் ஒரு நாடக விழா. அங்கே ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, விசில் அடிக்காமல், கடைசிவரை பார்ப்பார்களாம். அம்மா இதை என்னிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

எழுதியிருப்பதில் ஒரு சொல் மாறக்கூடாது என்கிறார் சார். நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். காட்சியன்று பக்கத் திரைக்குப் பின்னால் தாளோடு நின்று, மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ரேஷனில் பாமாயில் வரவில்லை. வரிசையில் நின்றுகொண்டே முதல் பாகம் முழுவதையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லார் வசனமும் எனக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் முதல் அரைமணி நேரம் சார் எந்த நாட்டில் எப்படி நடித்தார்கள் என்று சொல்வார். எல்லாரும் தரையில் உட்கார்ந்து கேட்போம். நான் தூண் பக்கம்.

கிரேக்க நாட்டில் மலைச்சரிவையே படிக்கட்டாக வெட்டி உட்கார்ந்து பார்த்தார்களாம். எல்லாரும் முகமூடி போட்டிருப்பார்கள். பெண் வேஷமும் ஆண்கள்தான். சாவை மேடையில் காட்டமாட்டார்கள். திரைமறைவில் நடந்ததை ஒருவன் ஓடி வந்து சொல்வான். அவன் சொல்வதுதான் நாடகம்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நடிகருக்கு முழு நாடகத்தையும் தரமாட்டார்களாம். அவர் பேச வேண்டியதும், அதற்கு முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொல்லும் மட்டும் ஒரு நீளத் தாளில் எழுதிச் சுருட்டித் தருவார்கள். ராக்கப்பன் மாமா உடனே, "சார், அது நம்ம ஸ்பெஷல் நாடகம்ல. எங்களுக்கு அந்தத் தாளுங்கூடக் குடுக்கமாட்டாய்ங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ராக்கப்பன் மாமா பபூன். அம்மாவோடு நூறு மேடை ஏறியிருப்பார். அம்மாவை மதினி என்பார், என்னை மருமகளே என்பார். எல்லா நாட்டு நாடகத்திலும் பபூன் உண்டு என்று சார் சொன்னதிலிருந்து தலைநிமிர்ந்து நடக்கிறார்.

சில நாட்டில் மேடையின் முன்பக்கம் ஒரு குழி இருக்குமாம். எடுத்துக் கொடுப்பவர் அதற்குள் உட்கார்ந்திருப்பார். மேலே கூடுபோல மூடியிருக்கும். நடிகர்களுக்கு மட்டும் அவர் தலை தெரியும். ஜனங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்தக் குழி ரொம்பப் பிடித்தது.

பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. சொல்லியும் இருக்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் ரேணுகாவைப் பார்த்தேன். ஒன்பதாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது பதினொன்று. சீருடை நிறம் மாறியிருக்கிறது. நான் பழக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவள் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். அரைக் கிலோ கொய்யா வாங்கினாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

நாடகம் இதுதான். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண் திரும்பவில்லை. ஒருவன் வந்து அவள் தாயிடம் சொல்கிறான். இவ்வளவுதான் கதை. இதையே மூன்று தரம் நடிக்கிறோம். முதலில் கிரேக்க முறையில், முகமூடியும் கூட்டமாகப் பேசும் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேருமாக. அடுத்து ஜப்பான் முறையில், ஆள் அசைவதே தெரியாத மாதிரி. கடைசியில் நம் முறையில், ஆர்மோனியம், ஒப்பாரி, பபூன் எல்லாமும். மூன்றிலும் அம்மாதான் தாய்.

கிரேக்கம் அம்மாவுக்கு வந்துவிட்டது. நம்முடையதைச் சொல்லவே வேண்டாம். நடுவில் உள்ளதுதான் வரவில்லை. அதில் அம்மாவுக்கு ஒரே வரி. சொல்ல வந்தவன் சொல்லிவிட்டுப் போவான். அம்மா நாலு எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு, "அவளைப் போகச் சொன்னது நான்தான்." அவ்வளவே.

ஒரு பக்க வசனத்தை ஒரே மூச்சில் பேசுகிற அம்மா, இந்த நாலு வார்த்தையை மறந்து மறந்து போகிறாள். "ஐயோ மகளே" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போய்விடுகிறாள். சார், "அழக்கூடாதும்மா. ஒரு வரி. சொன்னா போதும்" என்கிறார்.

வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது கேட்டால் சரியாகச் சொல்கிறாள்.

அக்டோபர் 3, வியாழன்

இன்று திட்டு வாங்கினேன். அம்மா நாலு எண்ணிக்கொண்டு நின்றபோது மறந்துவிட்டாள் என்று நினைத்து வரியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். சார் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். கோபமாகச் சொல்லவில்லை. "செவ்வந்தி, மௌனமும் வசனம்தாம்மா. அதுக்கு நடுவுல நீ பேசிட்ட" என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது.

ராக்கப்பன் மாமா, "மருமக நம்மகிட்டப் பேசுறதே மாசத்துக்கு ஒரு வார்த்த. அதையும் தப்பான எடத்துல பேசிப்புட்டா" என்றார்.

அம்மா ஒரு வழி சொன்னாள். ஸ்பெஷல் நாடகத்தில் பேச்சு மறந்தால் தோட்டைத் தொடுவாளாம். ஆர்மோனியக்காரர் அதைப் பார்த்ததும் ஒரு பாட்டைத் தூக்கிவிடுவார். பாட்டு முடிவதற்குள் ஞாபகம் வந்துவிடும். அதேபோல இங்கேயும். இடது காதுத் தோட்டைக் கட்டைவிரலால் தொட்டால் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தொடாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் வாய் திறக்கக் கூடாது. சாருக்கும் சம்மதம்.

அக்டோபர் 9, புதன்

ஜப்பானில் எடுத்துக் கொடுப்பவர் ஒளிந்திருக்க மாட்டாராம். மேடையிலேயே, நடிகருக்குப் பின்னால், சும்மா உட்கார்ந்திருப்பார். எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பார்க்கமாட்டார்கள். நடிகர் மறந்தால் வரியைக் கொடுப்பார். நடிகர் முடியாமல் விழுந்துவிட்டால் எழுந்து வந்து அந்த வேஷத்தை அவரே நடித்து முடிப்பார். அதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வரும்போது அம்மா, "அப்ப நான் விழுந்துட்டா நீ வந்து ஆடுவியா?" என்று கேட்டுச் சிரித்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

அம்மா ஏற்கெனவே ஒரு தரம் விழுந்திருக்கிறாள். கமுதிப் பக்கம் ஒரு திருவிழாவில் மேடைப் பலகை உடைந்து, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நான் ஒன்பதாவது. ஆறு மாதம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, சமைத்து, துவைத்தேன். "கால் சரியாகட்டும், அடுத்த வருசம் போவ" என்றாள். அடுத்த வருடம் கால் சரியானது. ஆனால் மேடைப் படி ஏற ஒரு கை தேவைப்பட்டது. பெட்டி தூக்கவும் ஆள் வேண்டும். "அடுத்த வருசம்" என்றாள். இந்த ஜூனில் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யாரும் என்னை நிறுத்தவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எனக்குப் பச்சைச் சுடிதார். அம்மாவுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. பதினொரு நாள் ஒத்திகையில் அம்மா தோட்டைத் தொட்டது ஏழு முறை. ஏழிலும் அந்த ஒரு வரிக்குத்தான். ஏழு முறையும் கொடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மாலைப் பத்திரிகையிலிருந்து ஒருவர் அம்மாவைப் பேட்டி எடுக்க வந்தார். அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நான் டீ கொண்டுபோனேன். கேள்வியெல்லாம் முடிந்த பிறகு அவர் என்னைப் பார்த்து, பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்டார்.

அம்மா சொன்னாள். "அவளுக்குப் படிப்பு ஏறல சார். வேணாம்னு நின்டுட்டா. அதான் கூடவே வச்சிருக்கேன்."

அவர் எழுதிக்கொண்டார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

எட்டாவதில் நான் வகுப்பில் மூன்றாவது. அது பெரிய விஷயம் இல்லை. வந்தவரிடம் அம்மா வேறு என்னதான் சொல்வாள்? எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. டம்ளர் கழுவினேன். துணி மடித்தேன். அரிசி ஊறப் போட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

பத்திரிகையில் வந்துவிட்டது. ராக்கப்பன் மாமா இரண்டு பிரதி கொண்டுவந்தார். அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். முழுவதும் படித்தேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்ற வரி வந்தபோதும் நிறுத்தாமல் படித்தேன். அம்மா அப்போது கொடியிலிருந்து துண்டு எடுக்க எழுந்து போனாள்.

நாளைக்கு முதல் காட்சி.

நவம்பர் 9, சனி

காட்சி நன்றாக நடந்தது. தூக்கம் வருகிறது.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் பாகம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பாகத்தில், சொல்ல வந்தவன் சொல்லிவிட்டுப் போனான். அம்மா நின்றாள். நாலு எண்ணினேன். அம்மா பேசவில்லை. மௌனம் என்று நினைத்தேன். சார்தான் சொல்லியிருக்கிறாரே. விளக்கு என் கண்ணில் அடித்தது. அம்மா தோட்டைத் தொட்டது எனக்குத் தெரியவில்லை.

ரொம்ப நேரம் நின்றாள். அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. பிறகு அம்மா அந்தத் தோட்டின் திருகைத் திருக ஆரம்பித்தாள். அது பழைய திருகு, சீக்கிரம் வராது. திருகித் திருகிக் கழற்றினாள். குனிந்து, செத்துப்போன பெண்ணின் குடத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். நிமிர்ந்தாள். சார் விளக்கை அணைத்துவிட்டார்.

கை தட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எட்வின் சார் ஓடி வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இதை எங்கிருந்து பிடித்தீர்கள், ஒரு தாய் தன் காதில் இருப்பதைக் கழற்றி மகளுக்குக் கொடுக்கிறாளே, இதற்கு மேல் வசனம் எதற்கு என்றார். இனி எல்லாக் காட்சியிலும் இதுதான், அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் கையிலிருந்த தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் அவரே அடித்தார்.

அம்மா, "சரிங்க சார்" என்றாள். ஒரு காதில்தான் தோடு இருந்தது.

வீட்டில் ரசம் கேட்டாள். சாப்பிட்டாள். பாய் விரிக்கும்போது என் பக்கம் பார்க்காமல் கேட்டாள். "லைட்டு ஒங் கண்ணுல அடிச்சுச்சா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அதான்" என்றாள்.

நவம்பர் 13, புதன்

மாவு அரைத்தேன். மழை. தறிக்கூடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்தோம்.

நான் தனியாக வாளி மாற்றிக்கொண்டிருந்தபோது ராக்கப்பன் மாமா வந்தார். அன்றைக்கு அவர் எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால் நின்றவர். அம்மா நின்ற நேரத்தை எண்ணினாராம். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லையாம். "நானே பாட்டுப் பாடிக்கிட்டு உள்ள வந்துரலாமான்னு நெனச்சேன் மருமகளே. மதினி தோட்டத் தொடுறா, தொடுறா, தொட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

லைட் கண்ணில் அடித்தது என்று சொன்னேன்.

"லைட்டெல்லாம் ஏம் பக்கம் பாத்துல்ல அடிச்சுச்சு" என்றார். கேலி செய்யவில்லை. வாளியை வாங்கி வெளியே கொட்டிவிட்டு வந்து கொடுத்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

நாலு காட்சியும் முடிந்தது. ஒவ்வொரு காட்சியிலும் அம்மா நின்றாள், தோட்டைக் கழற்றினாள், தரையில் வைத்தாள். இப்போது திருகுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு காட்சியிலும் நான் தாளோடு நின்றேன். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. முதல் காட்சியில் அந்த நேரம் முழுக்க அம்மா நான் நின்ற பக்கத்தையே பார்த்தாள். அடுத்த மூன்றிலும் பார்க்கவில்லை.

பெங்களூர் உறுதியாகிவிட்டது. சார் அம்மாவைக் கேட்காமலே, இனி எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படாது என்றார். நல்ல விஷயமாகத்தான் சொன்னார்.

நவம்பர் 22, வெள்ளி

இதை எழுதிவிடுகிறேன்.

விளக்கு என் கண்ணில் அடிக்கவில்லை. நான் நின்ற இடம் இருட்டு. அங்கிருந்து அம்மா பகல்போலத் தெரிந்தாள். நாலு எண்ணி முடிந்ததுமே தோட்டைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். கட்டைவிரலை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். வரி என் நாக்கில் இருந்தது. நாலே வார்த்தை. நீயே சொல் என்று நினைத்தேன். பத்திரிகைக்காரரிடம் அவ்வளவு லேசாகச் சொன்னாயே, இதையும் நீயே சொல் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் தவிக்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அம்மா திருகைத் திருக ஆரம்பித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. இனி என்னைக் கேட்கமாட்டாள். அதற்குப் பிறகு கொடுக்க நினைத்தும் வாய் வரவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அம்மாவுக்கு நல்லதுதான் நடந்தது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அம்மா எங்கோ போய்விட்டு ஒரு மணிக்கு வந்தாள். கையில் கீழவாசல் டுடோரியலின் விண்ணப்பம். எட்டாவது தேறியிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதலாமாம். ராக்கப்பன் மாமா விசாரித்துச் சொன்னாராம். காலை பத்திலிருந்து இரண்டுவரை வகுப்பு.

"பெங்களூருக்கு?" என்று கேட்டேன்.

"நீ எதுக்கு? பெட்டிய அந்தக் காலேஜுப் புள்ளைக தூக்கும்."

நான் இரண்டு வருடமாகக் கேட்க நினைத்தது இதுதான். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

நானே நிரப்பினேன். பெயர், செவ்வந்தி. படிப்பை நிறுத்திய காரணம் என்று ஒரு கோடு இருந்தது. அதைக் காலியாக விட்டேன். கடைசியில் பெற்றோர் கையொப்பம். மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். அம்மா கட்டைவிரலை மையில் ஒற்றினாள். தாளுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அந்த வரி என்னடி?"

"எந்த வரிம்மா?"

"சார் அடிச்சுப்புட்டாருல்ல. அது. இப்பவும் வர மாட்டேங்குது."

நான் எடுத்துக் கொடுத்தேன். "அவளைப் போகச் சொன்னது நான்தான்."

அம்மா தலையாட்டினாள். தாளைப் பார்த்துக்கொண்டே, நடிக்காமல், காய்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னாள். "அவளப் போகவேணாமுன்னு சொன்னது நாந்தேன்."

வரி தப்பு. நான் திருத்தவில்லை.

விரலைத் தாளில் அழுத்தினாள். பிறகு காதோரம் அரித்ததோ என்னமோ, அதே விரலால் இடது காதைத் தொட்டாள். காது மடலில் ஊதாவாக மை ஒட்டியது. நான் பேச வேண்டிய இடம் அது. நான் பார்த்தேம்மா என்று சொல்ல வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நாலுக்கும் மேலே இருக்கும். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

டிசம்பர் 6, வெள்ளி

மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு ஜன்னல் சீட்டு. படி ஏறும்போது கல்லூரிப் பெண் ஒருத்தி கை கொடுத்தாள். ராக்கப்பன் மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மருமகளே, நல்லாப் படிச்சு எங்களுக்கெல்லாம் பெரிய தாளா எழுதிக் குடு" என்றார். அம்மா காதில் இரண்டு தோடும் இருந்தது. மை முழுதாகப் போகவில்லை. கையை மடியில் வைத்திருந்தாள். பஸ் திரும்பும்வரை ஒரு தரமும் காதுப் பக்கம் கொண்டுபோகவில்லை.

வீட்டுக்கு வந்து துணி ஊறப்போட்டேன். திங்கட்கிழமை வகுப்பு. புது நோட்டு வாங்க வேண்டும். இதில் இன்னும் வெள்ளைப் பக்கம் இருக்கிறது, ஆனால் இது போதும்.

திரைமறைவில் நடந்ததை ஒருவன் வந்து சொல்ல வேண்டும் என்று சார் சொன்னார். நான் சொல்லிவிட்டேன். மறைக்காமல், நடந்தபடி, இருபத்திரண்டாம் தேதிக்குக் கீழே இருக்கிறது. நோட்டை டிவி மேல் திறந்தே வைத்திருக்கிறேன். புதன்கிழமை அம்மா வந்ததும் தூசி துடைக்கும்போது கையில் எடுப்பாள். துடைத்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைப்பாள்.